நெடுந்தீவின் குதிரைகள்: பூங்காவாகிய ஓர் ஊரின் வரலாறு

புரோசார்ட்டில் வாழும் எம்மவர்களுக்குக் கோடை என்பது எண்ணிச் செலவிட வேண்டிய செல்வம். பனி உருகி மரங்கள் தளிர்த்ததும், பிள்ளைகளை அழைத்துக்கொண்டு சென் லோறன்ஸ் ஆற்றங்கரைக்கும் அதன் நடுவிலுள்ள தீவுகளுக்கும் போய் வருகின்றோம். அவ்வாறே கடந்த கோடையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, எம் நகருக்கு அண்மையிலுள்ள பூஷெர்வீல் தீவுகள் தேசிய பூங்காவுக்குப் பேர்த்தியுடன் சென்றிருந்தேன். ஒருகாலத்தில் உழவர் பயிர்செய்த நிலம் அது. 1984ஆம் ஆண்டில் கியூபெக் அரசு அதனைப் பூங்காவாக்கியது. புல்லிடையே மான்கள் மேய்வதைப் பார்த்துக்கொண்டு நின்ற பேர்த்தி திடீரெனக் கேட்டாள்: "அம்மப்பா, உங்கட நாட்டிலயும் இப்படித் தீவில ஒரு பார்க் இருக்கோ?"

"இருக்கிறது பிள்ளை. அங்கே மான் இல்லை, குதிரை நிற்கிறது" என்றேன்.

"குதிரையோ? ஆர் கொண்டுபோய் விட்டது?"

அக்கேள்விக்கு நின்ற நிலையில் விடை சொல்ல முடியவில்லை. விடை நீளமானது. நூற்றாண்டுகள் பலவற்றைக் கடந்து செல்வது. ஊர் பார்க்கச் செல்லும் எம் பிள்ளைகள் பலரும் இக்கேள்வியைக் கேட்பார்கள் என்பதால், அன்று அவளுக்குச் சொல்லாது விட்டதை இங்கே எழுதுகின்றேன்.

தீவும் பூங்காவும்

யாழ்ப்பாணக் குடாநாட்டின் மேற்கே பாக்கு நீரிணையில் அமைந்த தீவுகளுள் குடாநாட்டிலிருந்து மிகத் தொலைவில் மக்கள் வாழும் தீவு நெடுந்தீவு. பரப்பளவு ஏறத்தாழ 50 சதுர கிலோமீற்றர். மலையில்லை, ஆறில்லை. தட்டையான முருகைக்கல் நிலம். பனையும் பற்றைக்காடும் புல்வெளியும் அதன் தோற்றம். மாரி மழையை நம்பியே அங்கு புல்லும் பயிரும் மனிதரும் வாழ்கின்றனர். இந்தியாவுடனான 1974ஆம் ஆண்டு உடன்படிக்கையால் பெயர் பரவிய கச்சதீவும் நெடுந்தீவுப் பிரதேசத்தைச் சேர்ந்ததே.

2015ஆம் ஆண்டு யூன் மாதத்தில் இத்தீவின் ஒரு பகுதியை இலங்கை அரசு தேசிய பூங்காவாகப் பிரகடனம் செய்தது. சுண்டிக்குளம், மடு வீதி, இராமர் அணை ஆகியனவும் அதே காலத்தில் அத்தகுதியைப் பெற்றன. நெடுந்தீவுப் பூங்காவின் பரப்பு ஏறத்தாழ 1,846 ஹெக்டேயர். அதாவது தீவின் மூன்றிலொரு பங்கினும் அதிகம்.

தேசிய பூங்கா என்ற சொல் வெறும் அலங்காரமன்று என்பதை வாசகர்கள் மனங்கொள்ள வேண்டும். 1937ஆம் ஆண்டின் வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ், சரணாலயம் என்பது வேறு, தேசிய பூங்கா என்பது வேறு. சரணாலயத்துள் தனியார் காணியும் இருக்கலாம். அங்கே மக்கள் வாழலாம். தேசிய பூங்காவோ அரச நிலம். விலங்குகளையும் தாவரங்களையும் பார்ப்பதற்காக மட்டுமே, அனுமதி பெற்று, அதனுள் நுழையலாம். மரம் தறித்தலும் கால்நடை மேய்த்தலும் குடியிருத்தலும் அங்கே இல்லை. யால, வில்பத்து ஆகியன 1938ஆம் ஆண்டில் முதற் பூங்காக்களாயின. அவை பெருங்காடுகள். நெடுந்தீவோ தலைமுறை தலைமுறையாக மக்கள் வாழ்ந்து, மாடு வளர்த்து, மதில் கட்டி, கிணறு வெட்டிய ஊர். காடு ஒன்று பூங்காவாவதற்கும் ஊர் ஒன்றின் பகுதி பூங்காவாவதற்கும் வேறுபாடு உண்டு. அவ்வேறுபாட்டை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

கடல்வழி வந்த குதிரை

குதிரை தமிழகத்து விலங்கன்று, ஈழத்து விலங்குமன்று. ஈரமும் வெப்பமும் மிக்க எம் கரைகளில் அது எளிதிற் பெருகுவதில்லை. ஆகவே பண்டுதொட்டே தமிழ் வேந்தர் குதிரைகளைக் கடல்வழியே வாங்கினர். காவிரிப்பூம்பட்டினத்துக்குக் கப்பலில் வந்திறங்கிய பொருள்களைக் கூறும் பட்டினப்பாலை, குதிரைகளையே முதலிற் சொல்கின்றது. பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிநாட்டுக் கரையைக் கண்ட மார்க்கோ போலோ, அரபுக் கரையிலிருந்து ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கான குதிரைகள் அங்கு இறங்கியதையும், சரியான பராமரிப்பின்றி அவற்றுட் பல மடிந்ததையும் எழுதிவைத்தார்.

இக்குதிரைக் கப்பல்கள் எம் தீவுகளின் ஓரமாகவும் சென்றன என்பதற்கு எழுத்துச் சான்று உண்டு. நயினாதீவு நாகபூஷணி அம்மன் கோயிலில் 12ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த கல்வெட்டொன்று உளது. பொலன்னறுவையில் இருந்து ஆண்ட முதலாம் பராக்கிரமபாகு மன்னன் தமிழிற் பொறித்த ஆணை அது. பேராசிரியர் கா. இந்திரபாலா அதனை ஆராய்ந்து வெளியிட்டார். யானையும் குதிரையும் கொண்டுவந்த கப்பல் உடைந்தால் நாலிலொரு பங்கு அரச பண்டாரத்துக்கு, மூன்று பங்கு உடையவனுக்கு. ஏனைய சரக்கேற்றிய கப்பல் உடைந்தால் பாதிக்குப் பாதி. இதுவே அவ்வாணையின் சாரம். குதிரை கொண்டுவருவோனுக்கு அரசன் அதிக சலுகை அளித்தான் என்பதிலிருந்து, அவ்விலங்கு எத்துணை அருமையாகக் கருதப்பட்டது என்பது விளங்கும்.

அதே கல்வெட்டில் மற்றுமொரு கட்டளையும் உண்டு. வேற்று நாட்டவர் ஊராத்துறையில், அதாவது இன்றைய ஊர்காவற்றுறைப் பகுதியில், வந்து தங்கலாம். அவர்கள் காக்கப்பட வேண்டும் என்பதே அது. ஏறத்தாழ எண்ணூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன், கடல்கடந்து வந்தவனைக் காப்பது அரச கடமையெனத் தமிழிற் கல்லில் வெட்டிவைத்த தீவுக்கூட்டம் எம்முடையது. வேற்று நாட்டின் வாயிலில் நின்று பாதுகாப்புக் கோரிய எமக்கு இச்செய்தியின் பொருளை எவரும் விளக்கத் தேவையில்லை.

பறங்கியர், ஒல்லாந்தர், ஆங்கிலேயர்

1619ஆம் ஆண்டில் யாழ்ப்பாண அரசு போர்த்துக்கீசர் வசமாயிற்று. இறுதி மன்னன் சங்கிலி குமாரன் கோவாவுக்குக் கொண்டு செல்லப்பட்டுக் கொல்லப்பட்டான். நெடுந்தீவைப் பசுக்களின் தீவு என்னும் பொருள்படும் பெயராற் பறங்கியர் அழைத்தனர். பசுத்தீவு என்ற பெயர் தமிழிலும் வழங்கியது. பாலும் நெய்யும் மலிந்த தீவு என்பதை இரு பெயர்களும் காட்டும். தீவிற் குதிரைகளைக் கொண்டுவந்து இறக்கியவர் பறங்கியரே என்பது பொதுவாக நிலவும் கருத்து.

1658இல் ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றினர். தம் தாய்நாட்டு நகரங்களின் பெயர்களை எம் தீவுகளுக்குச் சூட்டினர். வேலணை லெய்டன் ஆயிற்று. காரைதீவு அம்ஸ்ரர்டாம் ஆயிற்று. புங்குடுதீவு மிடில்பேர்க், நயினாதீவு ஹார்லெம், அனலைதீவு ரொட்டர்டாம், நெடுந்தீவு டெல்வ்ற். இவற்றுள் இன்றுவரை ஆங்கில வழக்கில் நிலைத்தது டெல்வ்ற் ஒன்றே. பூங்காவும் ஆங்கிலத்தில் அப்பெயராலேயே அழைக்கப்படுகின்றது. ஊர்ப் பெயரை மறந்த பிள்ளை தேசப்படத்தில் நெடுந்தீவைத் தேடினாற் காணமாட்டாது என்பதைப் பெற்றோர் கவனிக்க வேண்டும்.

தீவுகளைக் குதிரைப் பண்ணைகளாக ஒழுங்குபடுத்தியவர் ஒல்லாந்தர். சுற்றிலும் கடல் இருப்பதால் வேலி வேண்டியதில்லை. கள்வர் எளிதில் நுழைய முடியாது. கடற்காற்று வீசும் வறண்ட புல்வெளி குதிரைக்கு ஏற்றது. யாழ்ப்பாணத்தின் ஒல்லாந்தத் தலைவராயிருந்த ஸ்வார்டகுரூன் 1697ஆம் ஆண்டில், தமக்குப்பின் வருவோர்க்கு எழுதிவைத்த அறிக்கையில், நெடுந்தீவிலும் இரணைதீவிலும் குதிரை வளர்ப்பது பற்றிய குறிப்புகள் உள. போருக்கும் விற்பனைக்குமாகக் குதிரைகள் அங்கிருந்து கப்பலேறின.

1795இல் யாழ்ப்பாணம் ஆங்கிலேயர் கைக்கு மாறியது. அவர்களும் பண்ணையைத் தொடர்ந்தனர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நோலன் என்ற அயர்லாந்துக்காரர் தீவின் அதிகாரியாயிருந்தார். காலப்போக்கில் பண்ணையைப் பேணுவது ஆங்கிலேயருக்கு வேண்டாததாயிற்று. பண்ணை கைவிடப்பட்டது. துரைமார் போயினர், குதிரைகள் நின்றன. கட்டுவாரின்றி, பூட்டுவாரின்றி, தீவின் தெற்குப் புல்வெளியில் அவை தாமாகப் பெருகின. உயரம் குறைந்த மட்டக்குதிரைகள் இவை. இன்று பூங்காவில் நாம் காண்பவை சில நூறாக எஞ்சிய அவற்றின் வழித்தோன்றல்களே. காட்டுக்குதிரை என்று சொன்னாலும் அவை காட்டில் தோன்றியவை அல்ல. அரசுகளாற் கொண்டுவரப்பட்டு, அரசுகளாற் கைவிடப்பட்டவை.

இக்குதிரைகளை இத்தனை காலம் எவர் காத்தார்? தீவு மக்களே. கடும் வறட்சி ஆண்டுகளில் குளங்கள் வற்றியபோது குதிரைகள் மடிந்த செய்திகள் பலமுறை வந்துள்ளன. தமக்கே குடிநீர் அரிதாயிருந்த மக்கள் அவ்விலங்குகளோடு ஒரே மழையையும் ஒரே புல்லையும் பங்கிட்டே வாழ்ந்தனர்.

மதிலும் கிணறும் பெருக்குமரமும்

பூங்காவையும் அதன் சுற்றுப்புறத்தையும் பார்க்கச் செல்வோர் கண்ணில் முதலிற் படுவது முருகைக்கல் மதில்கள். சாந்தில்லை, சுண்ணாம்பில்லை, கல்மேற் கல்லாக அடுக்கிய வேலிகள். நிலத்தைக் கிளறும்போதெல்லாம் கல் வரும். அதனை அகற்றி ஓரத்தில் அடுக்கினால் தோட்டமும் கிடைக்கும், வேலியும் கிடைக்கும். ஒரு மதிலின் நீளத்தைக் கொண்டே, அக்காணியை மண்ணாக்குவதற்கு எத்தனை தலைமுறை முதுகு வளைந்தது என்று கணக்கிடலாம்.

அடுத்தது நீர். சாராப்பிட்டி என்னும் இடத்திலுள்ள கிணறுகள் நெடுந்தீவின் உயிர்நிலை. உவர்நீர் சூழ்ந்த தீவில் மழைநீர் நிலத்தினுட் சென்று, கனமான உவர்நீரின்மேல் மெல்லிய நன்னீர்ப் படலமாக மிதந்து நிற்கும். அளவோடு இறைத்தால் நன்னீர் வரும். பேராசையோடு இறைத்தால் உவர்நீர் மேலெழுந்து கிணறு கெடும். இதனை எவரும் நூலிற் படித்து அறியவில்லை. தீவில் வாழ்ந்து அறிந்தனர்.

மூன்றாவது பெருக்குமரம். ஆபிரிக்காவுக்குரிய இம்மரம் மன்னாரிலும் நெடுந்தீவிலும் நிற்பதற்கு, அராபிய வணிகர் கொண்டுவந்து நட்டதே காரணம் என்பர். நெடுந்தீவில் நிற்கும் மரத்தின் அடியிலுள்ள பொந்தினுட் பலர் சேர்ந்து நிற்கலாம். கடலோரத்தில் இடிந்து கிடக்கும் ஒல்லாந்தர் கோட்டையும், பழைய புறாக்கூடும், குதிரை லாயத்தின் கற்றூண்களும், தெற்கே குவிந்தா என வழங்கும் கற்கோபுரமும் ஏனைய எச்சங்கள். வெடியரசன் கோட்டை என்று ஊரார் சொல்லும் இடிபாடு ஒன்றும் உண்டு. கண்ணகியின் சிலம்புக்கு நாகமணி தேடிச் சென்ற மீகாமனோடு வெடியரசன் பொருத கதையை ஈழத்துக் கண்ணகி வழக்குரை பாடுகின்றது. அது வரலாறா கதையா என்ற விவாதம் அறிஞர்க்குரியது. ஆயின், நெடுந்தீவார் தம் மண்ணைக் கண்ணகியின் கதையோடு இணைத்தே நினைத்தனர் என்பது உண்மை.

நோக்குக: குதிரை வந்தது, மரம் வந்தது, பெயர் வந்தது. மதிலையும் கிணற்றையும் மனிதர் ஆக்கினர். மனிதக் கை படாத இயற்கை என்று சுட்டிக்காட்ட இத்தீவில் மிகச் சிலவே உள.

குமுதினி

யான் நெடுந்தீவிற் பிறந்தவன் அல்லன். எழுபதுகளின் நடுப்பகுதியில், மாணவனாயிருந்தபோது, குமுதினி என்னும் படகில் ஒருமுறை சென்று வந்தவன். பெட்டிகளும் சாக்குகளும் கோழிகளும் மனிதரும் ஒன்றாக நெருங்கியிருந்த அப்படகில், ஒரு முதிய தாயார் முன்பின் அறியாத எனக்குப் புழுக்கொடியல் தந்ததை இன்றும் மறக்கவில்லை. தீவின் பிள்ளைகள் பள்ளிக்கும் நோயாளிகள் ஆசுபத்திரிக்கும் வணிகர் சந்தைக்கும் சென்றது அப்படகிலேயே.

1985ஆம் ஆண்டு மே மாதம் 15ஆம் நாள், நெடுந்தீவிலிருந்து புறப்பட்ட குமுதினி நடுக்கடலில் வழிமறிக்கப்பட்டது. படகில் ஏறியோர் பயணிகளை வெட்டியும் குத்தியும் கொன்றனர். பெண்களும் குழந்தையும் அதில் அடங்குவர். குறைந்தது 23 பேர் கொல்லப்பட்டதாகச் சர்வதேச மன்னிப்புச் சபை பதிவுசெய்தது. ஊரார் கணக்கு அதனிலும் கூடியது. கடற்படையினரே செய்தனர் என உயிர்தப்பியோர் சாட்சி கூறினர். எவரும் தண்டிக்கப்படவில்லை. நெடுந்தீவில் அம்மக்களுக்கு நினைவிடம் உண்டு. ஆண்டுதோறும் அங்கே விளக்கேற்றுகின்றனர்.

அதன்பின் 1990இல் போர் மீண்டும் மூண்டபோது தீவுப்பகுதி மக்கள் பெருந்தொகையாக வெளியேறினர். அதற்கு முன்னரே வறட்சியும் நிலமின்மையும் நெடுந்தீவார் பலரை வன்னிக்குக் குடிபெயரச் செய்திருந்தன. வன்னியிலிருந்து மீண்டும் இடம்பெயர்ந்து, கடல்கடந்து, இன்று கனடாவிலும் ஐரோப்பாவிலும் வாழ்கின்றனர். தீவில் எஞ்சியோர் சில ஆயிரம் பேரே. மனிதர் குறைந்த நிலத்தைப் பார்ப்பவன் அது என்றும் வெறுமையாகவே இருந்தது என்று எண்ணக்கூடும். அவ்வெண்ணமே ஆபத்தானது. வெறுமைக்கும் வெறுமையாக்கப்பட்டமைக்கும் இடையே ஒரு வரலாறு கிடக்கின்றது.

கனடாவில் ஒரு குதிரைத் தீவு

இவ்வாறு குதிரைகள் எஞ்சிய தீவொன்று நாம் வாழும் இந்நாட்டிலும் உண்டு. நோவா ஸ்கோஷியா மாகாணத்துக்கு அப்பால், அத்திலாந்திக் மாகடலில், பிறை வடிவில் நீண்டு கிடக்கும் சேபிள் தீவே அது. சேபிள் என்பது பிரெஞ்சில் மணல். யாழ்ப்பாணத்துக்கும் மணற்றிடர் என்ற பழம்பெயர் உண்டல்லவா? முந்நூறுக்கும் மேற்பட்ட கப்பல்களை உடைத்த அத்தீவில் ஏறத்தாழ ஐந்நூறு குதிரைகள் தாமாக வாழ்கின்றன.

அவை எப்படி வந்தன? பிரெஞ்சு மொழி பேசிய அக்காடியர் என்னும் உழவர், நோவா ஸ்கோஷியாக் கரையோரம் வாழ்ந்தனர். 1755ஆம் ஆண்டு தொடங்கி ஆங்கிலேய ஆட்சி அவர்களைக் குடும்பம் குடும்பமாகக் கப்பலேற்றி நாடு கடத்தியது. வீடுகள் எரிக்கப்பட்டன. கணவன் ஒரு கப்பலிலும் மனைவி மற்றொரு கப்பலிலுமாகப் பிரிந்த குடும்பங்கள் பல. 1763 வரையில் இவ்வாறு பதினாயிரத்துக்கும் மேற்பட்டோர் வேரோடு பறிக்கப்பட்டனர். அவர்கள் விட்டுச்சென்ற கால்நடைகள் அரசுடைமையாயின. அவற்றுள் சில குதிரைகளை, 1760ஐ ஒட்டிய காலத்தில், பொஸ்ரன் நகர வணிகர் தோமஸ் ஹன்கொக் சேபிள் தீவிற் கொண்டுபோய் விட்டார். இன்றைய குதிரைகள் பெரும்பாலும் அவற்றின் வழிவந்தவை என்பது ஏற்றுக்கொள்ளப்பட்ட செய்தி. குதிரைகள் தீவில் நிலைத்தன. அவற்றை வளர்த்தவர் அகதிகளாய் அலைந்தனர்.

1960ஆம் ஆண்டளவில் அக்குதிரைகளை அகற்றி விற்றுவிட அரசு முனைந்தது. நாடெங்கும் பள்ளிப் பிள்ளைகள் பிரதமர் டீவன்பேக்கருக்குக் கடிதங்கள் எழுதினர். முடிவு மாற்றப்பட்டு 1961இற் சட்டப் பாதுகாப்பு அளிக்கப்பட்டது. 2013ஆம் ஆண்டு அத்தீவு தேசிய பூங்கா ஒதுக்ககமாயிற்று. அனுமதி பெற்றோர் மட்டுமே அங்கு செல்லலாம்.

இதனைப் புரோசார்ட்டில் வாழும் நாம் தொலைநாட்டுச் செய்தியாகக் கருத வேண்டியதில்லை. நாடு கடத்தப்பட்ட அக்காடியருட் சிலர் ஆண்டுகள் பல கழித்து நியூ இங்கிலாந்திலிருந்து நடந்தும் படகேறியும் வடக்கே வந்தனர். அவர்கள் குடியமர்ந்த இடங்களுள் ஒன்று, எம் அயலூரான லாப்ரேரிக்கு அப்பாலுள்ள லகாடி. தாம் இழந்த நாட்டின் பெயரையே புதிய ஊருக்கு இட்டனர். எம் நகர் 1958இல் லாப்ரேரியிலிருந்து பிரிந்து உருவானது. ஆகவே இம்மண்ணில் அகதி வந்து காலூன்றியது எம்மோடு தொடங்கவில்லை. 2003ஆம் ஆண்டில், கனடாவின் முடியாட்சி அரசப் பிரகடனம் ஒன்றின் மூலம் அக்காடியர் பட்ட துன்பத்தை ஏற்று, யூலை 28ஆம் நாளை நினைவு நாளாக அறிவித்தது. நடந்தது நடந்ததெனச் சொல்வதற்கே இருநூற்றைம்பது ஆண்டுகள் சென்றன. அதுவரை அக்காடியர் மறவாதிருந்தமையாலேயே அந்த நாள் வந்தது.

பூங்காவும் மக்களும்

பூங்கா வேண்டாம் என்பதன்று எம் வாதம். காவலில்லாவிடில் முருகைக்கல் அகழப்படும். பறவைகள் தங்கும் நீர்நிலைகள் நிரப்பப்படும். குதிரைகள் அழியும். நெடுந்தீவின் இயற்கை காக்கப்பட வேண்டியதே. ஆனால் எவரை விலக்கிக் காப்பது, எவரோடு சேர்ந்து காப்பது என்பதே கேள்வி.

இதற்குக் கியூபெக்கிலேயே ஒரு பாடம் உண்டு. காஸ்பே குடாநாட்டின் முனையில் போரியோன் தேசிய பூங்கா 1970இல் அமைக்கப்பட்டது. அதற்காக இருநூறுக்கும் மேற்பட்ட குடும்பங்களின் வீடுகளும் காணிகளும் எடுக்கப்பட்டன. பல வீடுகள் எரிக்கப்பட்டன. தலைமுறைகளாய் மீன்பிடித்து வாழ்ந்தவர் தம் முன்னோரின் கல்லறையைப் பார்க்கவும் பூங்காவின் வாயிலைக் கடந்தே செல்ல வேண்டியதாயிற்று. நாற்பது ஆண்டுகள் அவர்கள் அக்குறையைச் சொல்லிவந்தனர். 2011ஆம் ஆண்டில் கனடிய நாடாளுமன்றம் அவர்களிடம் மன்னிப்புக் கோரியது. வெளியேற்றப்பட்டோரும் அவர்தம் சந்ததியாரும் கட்டணமின்றிச் செல்ல அனுமதி வழங்கப்பட்டது. இன்று அப்பூங்காவில் அம்மக்களின் வரலாறும் காட்சிக்கு வைக்கப்பட்டுள்ளது.

நெடுந்தீவுக்கும் இப்பாடம் பொருந்தும். மாடு மேய்த்த வெளி எது, கோடையில் நீர் நின்ற குளம் எது, எந்த மதில் எவர் காணியின் எல்லை என்பன தீவாருக்குத் தெரியும். அவருட் பெரும்பாலோர் இன்று தீவில் இல்லை. மொன்றியலில், ரொறன்ரோவில், பாரிசில், இலண்டனில் முதுமையடைந்து வருகின்றனர். அவர்களோடு அவ்வறிவும் மறைந்துவிடின், பூங்காவின் பலகையில் எழுதப்படுவது மட்டுமே வரலாறு ஆகும். பலகை குதிரையைப் பற்றிச் சொல்லும், ஒல்லாந்தரைப் பற்றிச் சொல்லும். மதிலைக் கட்டியவனைப் பற்றி எவர் சொல்வார்?

செல்வோர்க்கு

விடுமுறையில் ஊர் செல்லும் குடும்பங்களுக்குச் சில குறிப்புகள். யாழ் நகரிலிருந்து பண்ணைப் பாலம் கடந்து, வேலணை, புங்குடுதீவு வழியாகக் குறிகட்டுவான் இறங்குதுறைக்குச் செல்ல வேண்டும். நயினாதீவுப் படகும் அங்கிருந்தே புறப்படுகின்றது. ஆகவே கேட்டு ஏறுக. நெடுந்தீவுக்குக் கடற்பயணம் ஏறத்தாழ ஒரு மணி நேரம். நாளொன்றுக்குச் சில படகுகளே ஓடுவதால் திரும்பும் நேரத்தை முதலிலேயே அறிந்துகொள்ளுதல் நன்று. சோளகம் வீசும் மாதங்களிற் கடல் குமுறும். சிறு பிள்ளைகளோடு செல்வோர் அதனைக் கவனிக்க. குடிநீரைக் கொண்டு செல்க. தீவாரின் நீரைச் சுருக்கிப் பயன்படுத்துக. குதிரைகளுக்கு அருகிற் சென்று உணவு கொடுக்க வேண்டாம். முருகைக்கல்லை நினைவுப் பொருளாக எடுத்துவரவும் வேண்டாம். மாரி மழைக்குப் பின் சென்றால் புல்வெளி பசுமையாயிருக்கும். கோடையிற் சென்றால் தீவின் கடினம் தெரியும். இரண்டும் பார்க்கத்தக்கனவே.

அனைத்துக்கும் மேலாக, புறப்படுமுன் வீட்டிலுள்ள முதியோரை உட்காரவைத்துக் கேளுங்கள். நெடுந்தீவாராயின் காணியின் பெயர், கிணற்றின் பெயர், கோயில் வீதி, படகில் உடன்வந்தோர் பெயர் என்பவற்றை ஒரு கொப்பியில் எழுதுங்கள். வேறு ஊராராயினும் அவ்வூர்ச் செய்தியை எழுதுங்கள். அங்கு சென்று இறங்குதுறையில் நிற்கும்போது, குமுதினியின் பெயரைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். அதன்பின் குதிரைகளைக் காட்டுங்கள்.

எனது பேர்த்தி கேட்ட கேள்விக்கு இப்போது விடை சொல்லலாம். குதிரைகளைக் கொண்டுவந்து விட்டவர்கள் கப்பலேறிப் போய்விட்டார்கள் பிள்ளை. அவற்றுக்குப் புல்லும் நீரும் பகிர்ந்தவர்கள் எங்கள் மக்கள். அவர்களிற் பலரும் கப்பலேற வேண்டியதாயிற்று. போனவர்களுள் முதல் வகையினர் திரும்பிப் பார்க்கவில்லை. இரண்டாம் வகையினர் இன்னும் திரும்பிப் பார்த்துக்கொண்டே இருக்கின்றனர். அடுத்த கோடையில் உன்னையும் கூட்டிக்கொண்டு அங்கு போக எண்ணியுள்ளேன்.